மழை வந்தால் பூனை வாடை ஏன் திரும்பி வருகிறது, தெரியுமா?

இரண்டு மூன்று நாள் விடாமல் மழை பெய்தால் நம் கெடா ஜித்ராவில் பல வீடுகளில் ஒரே கேள்விதான். போன மாதமே கழுவித் துடைத்த மூலையில் பூனை மூத்திர வாடை மறுபடி எப்படி வந்தது? பூனை அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லையே!

பூனையைத் திட்டாதீர்கள். அது உண்மையிலேயே பழைய வாடைதான். மூத்திரம் காய்ந்தாலும் அதிலிருந்த உப்பும் யூரியாவும் தரையிலேயே தங்கிவிடுகின்றன. காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காடு அளவைத் தாண்டினால் சோற்று உப்பு தானாகவே காற்றிலிருந்து தண்ணீரை இழுத்துக் கரையத் தொடங்கும், தெரியுமா? யூரியா கரையத் தொடங்கும் அளவும் அதற்கு வெகு அருகில்தான். நம் பக்கத்து அலோர் ஸ்டாரில் ஆண்டின் பெரும்பாலான மாதங்களில் சராசரி ஈரப்பதமே 80ஐ ஒட்டியும் தாண்டியும் நிற்கிறது! அதாவது ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றாமலேயே அந்தக் கறை மீண்டும் நனைகிறது. நனைந்ததும் தூங்கிக்கொண்டிருந்த நுண்ணுயிர்கள் விழித்து வேலையை ஆரம்பிக்கின்றன. சிமெண்டின் நுண்துளைகளில் ஒட்டியிருந்த வாடை மூலக்கூறுகளை நீராவி தள்ளிவிட்டு அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ள, அவை காற்றில் ஏறி நம் மூக்குக்கு வந்து சேர்கின்றன.

ஜித்ராவின் ஈரம் சாதாரண ஈரமா? 1941 டிசம்பரில் ஜப்பானியப் படை இங்கே இறங்கிவந்தபோது பிரிட்டிஷ் இந்தியப் படை வெட்டி வைத்திருந்த பதுங்குகுழிகள் பருவமழையில் மூழ்கிக் கிடந்தன. ஜித்ராச் சண்டையைப் பற்றி எழுதியவர்கள் அந்த மழையைச் சொல்லாமல் விடுவதில்லை. ஆனால் இதே வட்டாரத்துக்கு இன்னொரு முகமும் உண்டு. மலேசியாவில் பதிவான மிக உயர்ந்த வெப்பநிலை, 40.1 பாகை, 1998 ஏப்ரல் 9ஆம் தேதி பக்கத்து பெர்லிஸ் மாநிலத்தின் சுப்பிங்கில் பதிவானது! ஜனவரி, பிப்ரவரியில் வட கெடாவில் காற்று நன்றாக வறண்டு, ஈரப்பதம் 70ஐ ஒட்டி இறங்கும். மெத்தை, சோபா, மரக்கட்டில் என்று எதில் பழைய வாடை தங்கியிருந்தாலும் அதைக் கழுவிக் காயவைக்க ஆண்டிலேயே சிறந்த காலம் அதுதான். தீபாவளிக்கு முன் மெத்தையை அலசி ஐப்பசி மழையில் காயவைப்பதைவிட, பொங்கலுக்குச் சுத்தம் செய்யும்போது அலசுங்கள். பாதிச் சிரமம் குறையும்.

பூனை மூத்திரத்துக்கு மட்டும் ஏன் இப்படி ஒரு வீச்சம்? பூனைக் குடும்பத்தில் ஒருசில விலங்குகளின் மூத்திரத்தில் மட்டும் பெலினின் என்றொரு பொருள் இருக்கிறது. கந்தகம் கொண்ட அமினோ அமிலம். அது உருவாக உதவும் காக்சின் என்ற புரதத்தின் வேலையை ஜப்பானின் மசாவோ மியாசாகி குழு 2006இல் விளக்கியது. வியப்பு என்னவென்றால், பெலினினுக்கு வாடையே கிடையாது! மூத்திரம் வெளியே வந்து கிடக்கும் நேரத்தில் அது மெல்ல உடைந்து, தயோல் என்னும் கந்தகச் சேர்மங்களாக மாறுகிறது. மணி ஏற ஏற நாற்றம் கூடுவது இதனால்தான். காயடிக்காத கடுவன் பூனைகளில் பெலினின் மிக அதிகம். வாசலில் கழற்றிவிட்ட சப்பாத்தின் மேலும் மோட்டார் சைக்கிள் சக்கரத்தின் மேலும் வாலைத் தூக்கிப் பீய்ச்சிவிட்டுப் போகும் தெருக் கடுவனின் கைவண்ணம் ஏன் அப்படி மண்டையைப் பிளக்கிறது என்பது இப்போது புரிகிறதா?

தயோலை அழிக்கும் வழியை ஒரு வேதியியலாளர் 1993இலேயே கண்டுபிடித்துவிட்டார்! அமெரிக்காவில் ஸ்கங்க் என்றொரு விலங்கு; அது பீய்ச்சும் நீரிலும் தயோல்தான். பால் கிரெபாம் என்பவர் அந்த வாடைக்கு ஒரு கலவையைச் சொன்னார். 3 விழுக்காடு ஹைட்ரஜன் பெராக்சைடு ஒரு லிட்டர், கால் கோப்பை ஆப்பச் சோடா, பாத்திரம் கழுவும் திரவம் ஒன்றிரண்டு தேக்கரண்டி. பெராக்சைடு தயோலுக்கு ஆக்சிஜனைக் கொடுத்து அதை வாடையில்லாத பொருளாக மாற்றிவிடுகிறது. மூன்றும் நம்மூர் மருந்துக்கடையிலும் மளிகைக்கடையிலும் கிடைப்பவை. இதைச் செய்து விற்று அவர் பணக்காரராகியிருக்கலாமே என்று தோன்றும். முடியாது! கலந்தவுடன் ஆக்சிஜன் வாயு கிளம்பிக்கொண்டே இருக்கும். போத்தலில் மூடி வைத்தால் வெடித்துவிடும். எனவே தேவையானபோது கலந்து, தேவையான அளவு ஊற்றி, மிச்சத்தை அப்போதே கொட்டிவிட வேண்டும். சாயத்துணியில் வெளிர்த் திட்டு விழும். முதலில் ஓர் ஓரத்தில் சோதித்துப் பாருங்கள். சிமெண்டுத் தரைக்கும் ஓட்டுத்தரை இடுக்குகளுக்கும் இதைவிடக் கைகொடுக்கும் மலிவான மருந்தை நான் அறியேன்.

அடுத்து அமோனியா. ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு அந்த நெடியை யாரும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. வெட்டி இறக்கிய ரப்பர் பால் கெட்டியாகாமல் திரவமாகவே இருக்க அதில் அமோனியா ஊற்றுவார்கள். பாலை உறையவைக்க வேண்டுமென்றால் பார்மிக் அமிலம். பால் ஸ்டோர் பக்கம் போனாலே கண்ணைக் கரிக்கும் அதே அமோனியாதான் வீட்டில் பூனை நனைத்த மூலையிலும் பிறக்கிறது. யூரியாவை நுண்ணுயிர்கள் யூரியேஸ் என்னும் நொதியால் உடைக்கும்போது வெளிவருவது அது. இந்த யூரியேஸ் உலகப் புகழ் பெற்ற நொதி, தெரியுமா? நொதி என்பது புரதமா இல்லையா என்று அறிஞர்கள் சண்டையிட்டுக்கொண்டிருந்த காலத்தில், 1926இல், ஜேம்ஸ் சம்னர் என்ற அமெரிக்கர் உலகிலேயே முதன்முறையாக ஒரு நொதியைப் படிகமாக்கிக் காட்டினார். அது யூரியேஸ்தான்! அதை எதிலிருந்து எடுத்தார்? நம் தம்பட்டங்காய்க்கு உடன்பிறப்பான ஓர் அவரை விதையிலிருந்து! பதினேழு வயதில் வேட்டை விபத்தில் இடக்கையை இழந்தவர் அவர். அதுவரை இடக்கைப் பழக்கமுள்ளவர். எல்லாவற்றையும் வலக்கையால் செய்யப் புதிதாகப் பழகிக்கொண்டார். ஒற்றைக் கையோடு ஒன்பது ஆண்டு போராடிச் செய்த அந்த வேலைக்கு 1946இல் நோபெல் பரிசில் பங்கு கிடைத்தது. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மெய்சிலிர்க்கும்.

அமோனியா காரம். காரத்தை அடக்குவது புளிப்பு. ஆகவே வினிகரில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து துடைத்தால் அமோனியா காற்றில் பறக்க முடியாத உப்பாக மாறிவிடும். இதற்கு நேர் எதிர், பழைய வழக்கமான அடுப்புச் சாம்பல். சாம்பலும் காரம். பழைய மூத்திரத்தில் சாம்பலைத் தூவினால் அடங்கியிருந்த அமோனியாவும் கிளம்பிவிடும்!

இங்கே ஒரு நிமிடம் நில்லுங்கள். இனி வரும் சில வரிகளை வீட்டில் சத்தமாகப் படித்துக் காட்டுங்கள். மூத்திரம் கிடக்கும் இடத்தில் குளோரோக்ஸ் போன்ற பிளீச்சை ஊற்றாதீர்கள். பிளீச்சும் அமோனியாவும் சேர்ந்தால் குளோரமின் என்ற நச்சு வாயு எழும். பிளீச்சும் வினிகரும் சேர்ந்தால் குளோரின் வாயு. முதல் உலகப்போரில் படைவீரர்களைக் கொல்லப் பயன்பட்ட அதே வாயு! கதவு சாத்திய சின்னக் குளியலறையில் ஆஸ்துமா உள்ளவர்கள் இதைச் சுவாசித்தால் உயிருக்கே ஆபத்து.

சரி, எல்லா எச்சத்துக்கும் வினிகர் போதுமா? போதாது! கெடாவில் வீட்டு முன்வாசலில் மெர்போக் புறா கூண்டு தொங்கவிடுவது மலாய்க்காரர்களிடம் எவ்வளவு பெரிய ஆசை என்பது உங்களுக்குத் தெரியும். அந்தப் புறாவும் சுவரில் ஓடும் பல்லியும் நம்மைப்போல் நீராக மூத்திரம் விடுவதில்லை. கழிவை யூரிக் அமிலமாகவும் அதன் உப்புகளாகவும் மாற்றி வெள்ளைக் குழம்பாக வெளியேற்றுகின்றன. பல்லி எச்சத்தின் நுனியில் ஒட்டியிருக்கும் அந்த வெள்ளைப் பொட்டு அதுதான். யூரிக் அமிலம் தண்ணீரில் கரைய மறுக்கும் பொருள். ஒரு லிட்டர் தண்ணீரில் ஏறத்தாழ 60 மில்லிகிராம்தான் கரையும். புளிப்பில் இன்னும் மோசம். காரத்தில் கரையும். எனவே பறவை எச்சத்துக்கும் பல்லி எச்சத்துக்கும் வெதுவெதுப்பான நீரில் ஆப்பச் சோடாவும் சோப்பும்; பூனை, நாய் மூத்திரத்தின் அமோனியா நெடிக்கு வினிகர். எந்த உயிர் அசுத்தம் செய்தது என்று தெரியாமல் மருந்து போட்டால் பாதி உழைப்பு வீண். நான் இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே இதைச் சொல்லத்தான்.

பூனை மூத்திரத்தில் யூரிக் அமிலப் படிகங்கள் நிறைந்திருப்பதாகப் வாடை நீக்கும் புட்டிகள் பலவற்றின் விளம்பரத்தில் போட்டிருக்கும். ஆனால் பூனையும் பெரும்பாலான நாய்களும் யூரிக் அமிலத்தை அல்லன்டோயின் என்ற எளிதில் கரையும் பொருளாக மாற்றித்தான் வெளியேற்றுகின்றன. மாற்ற முடியாதவர்கள் யார் தெரியுமா? மனிதர்களும் மனிதக் குரங்குகளும்! நமக்குக் கௌட் மூட்டுவலி வருவதற்கு அதுவே காரணம். நாய்களில் நம் கட்சி என்று பேர்பெற்ற இனம் ஒன்று உண்டு. கரும்புள்ளி போட்ட டால்மேஷியன். ஒரே ஒரு மரபணு மாற்றத்தால் அந்த இனத்தின் மூத்திரத்தில் யூரிக் அமிலம் அதிகம்.

உங்கள் வீட்டு நாயும் உலு மூடா காட்டு யானையும் மூத்திரப்பையைக் காலி செய்ய எடுத்துக்கொள்ளும் நேரம் ஏறத்தாழ ஒன்று என்றால் நம்புவீர்களா? மூன்று கிலோவுக்கு மேற்பட்ட பாலூட்டிகள் எல்லாமே சராசரியாக 21 விநாடிகள் எடுத்துக்கொள்கின்றன என்று டேவிட் ஹூ என்ற ஆய்வாளரின் குழுவினர் 2014இல் கணக்கிட்டார்கள். இதே ஹூவின் குழுதான் நனைந்த நாய் உடம்பை உதறினால் சில விநாடிகளில் உரோமத்து நீரில் 70 விழுக்காடு வரை தெறித்துவிடும் என்றும் அளந்து சொன்னது. மிச்சம் 30 விழுக்காட்டில்தான் நம் தொல்லை! நாயின் உரோமத்தில் வாழும் நுண்ணுயிர்களும் ஈஸ்டுகளும் விடும் பொருள்கள் ஈரத்தோடு சேர்ந்து எழுவதே நனைந்த நாயின் வாடை. வறண்ட நாட்டில் அது அரைமணியில் போகும். இங்கே மழைநாளில் மாலைவரை இருக்கும். மழையில் நனைந்து வந்த நாயைத் துவட்டி மின்விசிறிக்கு அடியில் விடுங்கள். சோபாவில் ஏற விடாதீர்கள், அவ்வளவுதான்.

இனி வருவது எனக்கு மிகப் பிடித்த அதிசயம். ராத்திரியில் எங்கிருந்தோ பண்டான் இலை வாசம் வந்தால் மூசாங் பக்கத்தில் நடமாடுகிறது என்று கம்பத்துப் பெரியவர்கள் சொல்வார்கள். மூசாங் என்றால் மரநாய். தாமான் வீட்டுச் சீலிங்கில் குடியேறி, குட்டிபோட்டு, பலகையில் மஞ்சள் கறை வட்டம் வட்டமாக விழச்செய்யும் அதே பிராணி. அந்தப் பேச்சு கட்டுக்கதையா? 2016இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மரநாயின் பெரிய உறவுக்காரரான பிந்துரோங்கின் மூத்திரத்தைச் சோதித்தார்கள். நம் மலைக்காடுகளிலும் வாழும் விலங்கு அது. அவர்கள் கண்டது, 2-அசிட்டைல்-1-பைரோலின் என்ற சேர்மம். பண்டான் இலைக்கு மணம் தருவது அதே சேர்மம்! வாசனை அரிசிக்கு மணம் தருவதும் அதுவே! மலேசியாவின் நெற்களஞ்சியமான கெடாவில் சோற்றுப் பானையிலும், டாக்சி ஓட்டுநர் வண்டியின் பின்கண்ணாடிக்கு அடியில் கட்டிவைக்கும் பண்டான் கற்றையிலும், காட்டில் ஒரு விலங்கின் மூத்திரத்திலும் ஒரே மணம்.

மரநாய் குடும்பத்தின் மணம் தமிழனுக்குப் புதிதும் இல்லை. புனுகு எங்கிருந்து வருகிறது? புனுகுப் பூனையின் வாலடிச் சுரப்பியிலிருந்து. நேராக முகர்ந்தால் குமட்டும். துளியளவாக எண்ணெயில் கரைத்தால் திருமலையில் பெருமாளுக்குச் சாத்தும் நறுமணத் தைலம். அதன் மணத்துக்குக் காரணமான சிவெட்டோன் என்ற சேர்மத்தின் அமைப்பை வேதியியலாளர் லியோபோல்ட் ருசிக்கா 1926இல் கண்டறிந்தார். பதினேழு கார்பன் அணுக்கள் கைகோத்து நிற்கும் பெரிய வளையம். அவ்வளவு பெரிய வளையம் இயற்கையில் இருக்கவே முடியாது என்று அன்று பலர் நம்பியிருந்தார்கள்! 1939இல் அவருக்கும் நோபெல்.

சீலிங்கில் மூசாங் இருந்தால் கம்பெடுத்து ஏறாதீர்கள். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 2010 இருக்கிறது. வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தான் அலுவலகத்துக்குத் தகவல் சொல்லுங்கள். அது வெளியேறியபின் நுழைவாயைக் கம்பிவலையால் அடைத்து, கறை ஊறிய சீலிங் பலகையை மாற்றிவிடுங்கள். ஊறிப்போன பலகையைக் கழுவிக் காப்பாற்ற முடியாது.

கறை எங்கே இருக்கிறதென்றே தெரியவில்லையா? கள்ளநோட்டுப் பார்க்கும் புற ஊதா விளக்கை எடுத்து, இரவில் எல்லா விளக்கையும் அணைத்துவிட்டுத் தரையோரமாகப் பிடியுங்கள். காய்ந்த மூத்திரம் மங்கலான மஞ்சள் பச்சையாக ஒளிரும்! இத்தகைய விளக்குக்கு வழிகாட்டியவர் இயற்பியலாளர் ராபர்ட் வில்லியம்ஸ் வூட். இன்றும் தோல் மருத்துவர்கள் அதை வூட் விளக்கு என்றே அழைக்கிறார்கள். 365 நானோமீட்டர் என்று எழுதிய விளக்கு நன்றாகக் காட்டும். சலவைத்தூளும் ஒளிரும் என்பதால் ஒளிர்வதெல்லாம் மூத்திரம் என்று முடிவு கட்டாதீர்கள், கிட்டே போய் முகர்ந்து பாருங்கள். தோட்டத்துப் பக்கம் அந்த விளக்கோடு நடந்தால் இன்னோர் அதிசயமும் காணலாம். தேள் முழு உடம்பும் நீலப்பச்சையாக மின்னும்!

முகரும் வேலையை விருந்தாளியிடம் கொடுப்பது இன்னும் நல்லது. ஒரே வாடையில் தொடர்ந்து இருந்தால் நம் மூக்கு அதை உணர்வதை நிறுத்திவிடுகிறது. மனிதனிடம் மணம் உணரும் மரபணுக்கள் சுமார் 400; நாயிடம் அதைப்போல இரண்டு மடங்கு. நாம் சுத்தமாகிவிட்டது என்று நினைக்கும் இடத்தில் நாயும் பூனையும் இன்னும் பழைய முகவரியைப் படித்துக்கொண்டிருக்கின்றன. அதே இடத்துக்கு வந்து மறுபடி மூத்திரம் விடுகின்றன. வாசனைத் தெளிப்பான், ஊதுவத்தி, சாம்பிராணி எல்லாம் நம் மூக்கைத்தான் ஏமாற்றும்.

அதைவிட முக்கியமான ஒன்று. பூனையின் கல்லீரலில் பீனால் வகைப் பொருள்களை முறித்து வெளியேற்றும் ஒரு மரபணு செயலிழந்து கிடக்கிறது, தெரியுமா? சிங்கத்துக்கும் அப்படித்தான். இறைச்சி மட்டுமே உண்ணும் வாழ்வில் அந்த மரபணுவுக்கு வேலை இல்லாமல் போய்விட்டது. அதனால்தான் நமக்குச் சாதாரணமான பாராசிட்டமால் ஒரே மாத்திரை பூனையைக் கொன்றுவிடக்கூடும். டெட்டால் பீனால் வகையைச் சேர்ந்தது. அதை ஊற்றித் துடைத்த தரையில் பூனை நடந்து, பாதத்தை நக்கினால் விஷம் உள்ளே போகும். டீ ட்ரீ எண்ணெய், பாச்சை உருண்டை, கற்பூரம் எதுவும் பூனை உள்ள வீட்டில் தரையில் கிடக்க வேண்டாம். வாடையைப் போக்கப் போய்ப் பூனையையே இழந்தவர்கள் உண்டு.

நொதிப் புட்டிகளைப் பற்றிக் கேட்பீர்கள். செல்லப்பிராணிக் கடைகளில் விற்பவற்றில் பெரும்பாலும் நல்லவகை நுண்ணுயிர்களும் அவை சுரக்கும் நொதிகளும் இருக்கும். அவை கறையைத் தின்றுதான் தீர்க்க வேண்டும். அதற்கு நேரமும் ஈரமும் தேவை. மூத்திரம் எவ்வளவு ஆழம் இறங்கியதோ அவ்வளவு ஆழம் மருந்தும் இறங்க வேண்டும். மேலே தெளித்து உடனே துடைப்பது பணத்தைத் துடைப்பது. முன்பே பிளீச்சோ டெட்டாலோ போட்ட இடத்தில் அந்த நுண்ணுயிர்கள் செத்துவிடும், முதலில் தண்ணீரால் அலசுங்கள். காலையில் ஊற்றி, ஒரு பகல் பிளாஸ்டிக் தாளால் மூடி வைத்து, பிறகு மின்விசிறியை முழு வேகத்தில் விட்டுக் காயவையுங்கள். நம் ஊரில் இந்தக் காயவைக்கும் பகுதிதான் பலருக்குத் தவறுகிறது. ஒருநாளில் காயாவிட்டால் அந்த மெத்தையில் பூஞ்சணம் பூத்து, ஒரு வாடைக்குப் பதில் இன்னொரு வாடை வந்து உட்காரும். நீராவியும் வெந்நீரும் வேண்டாம், அவை புரதக் கறையை இறுக்கிவிடும்.

பினாங்கு, கெடா பக்கம் பல வீடுகளில் குப்பை என்சைம் போடுகிறார்கள். பழத்தோல் மூன்று பங்கு, கருப்புச் சீனி ஒரு பங்கு, தண்ணீர் பத்துப் பங்கு, மூன்று மாதம் ஊறல். தாய்லாந்தின் ரோசுகோன் பூம்பன்வோங் பரப்பிய முறை இது. என் கருத்து, அதில் வேலை செய்வது பெரும்பாலும் நொதித்து வந்த புளிப்புதான். அமோனியாவை அடக்கும், தயோலைத் தொடாது. செலவில்லாத வினிகர் என்று நினைத்துப் பயன்படுத்தினால் ஏமாற மாட்டீர்கள்.

கெடா ஆலைகளில் மலைபோல் குவியும் உமியை மறக்கலாமா? பாட்டிகள் பல் துலக்கிய உமிக்கரி வாடையை உறிஞ்சும். கரியின் வல்லமை அதன் துளைகளில் இருக்கிறது. தொழிற்சாலையில் பதப்படுத்திய ஒரு கிராம் கிளர்வுற்ற கரியின் உள்பரப்பை விரித்தால் பத்துப் பூப்பந்து ஆடுகளம் அளவு வரும்! உமிக்கரிக்கு அவ்வளவு பரப்பு இல்லை, ஆனால் இலவசமாகக் கிடைக்கிறது. துணியில் முடிந்து அலமாரி மூலையில் வைத்து, மாதம் ஒருமுறை வெயிலில் காட்டுங்கள்.

மண்ணுக்கும் அந்த வல்லமை உண்டு. 1947இல் அமெரிக்காவின் மிச்சிகனில் எட் லோ என்பவரிடம் பூனைக்கு மணல் கேட்டு வந்தார் பக்கத்துவீட்டு அம்மா. அவர் மணலுக்குப் பதில் ஆலைகளில் எண்ணெய் உறிஞ்சப் போடும் களிமண் துகளைக் கொடுத்தார். அந்த அம்மா பிறகு மணலைத் தொடவே இல்லை! இன்று உலகம் முழுக்க விற்கும் பூனை மண்ணின் கதை அங்கே ஆரம்பித்தது. களிமண் என்றதும் நம் அண்டை வீட்டு வழக்கம் நினைவுக்கு வர வேண்டும். நாயின் ஈரம் பட்ட பொருளை முஸ்லிம்கள் ஏழு முறை கழுவுவார்கள், அதில் ஒருமுறை மண் கலந்த நீரால். செர்த்து என்று சொல்வார்கள். அதற்கென்று களிமண் சோப்பே கடையில் கிடைக்கிறது. நாய் வளர்த்த வீட்டை மலாய்க் குடும்பத்துக்கு வாடகைக்குக் கொடுக்கிறீர்களா? நாய் இருந்ததை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், அவர்கள் முறைப்படி கழுவிக்கொள்ள வசதி செய்து கொடுங்கள். சேர்ந்து வாழும் ஊரில் அது நாம் காட்ட வேண்டிய மரியாதை.

பூனை மண்ணைத் தினமும் அள்ளிக் கொட்டுவதில் வாடைக்கு அப்பாலும் ஒரு காரணம் உண்டு. பூனை மலத்தில் வரக்கூடிய டாக்சோபிளாஸ்மா கிருமி நோய் பரப்பும் நிலைக்கு வர ஒன்று முதல் ஐந்து நாள் ஆகும். அதற்குள் அள்ளிவிட்டால் ஆபத்து வெகுவாகக் குறையும். கர்ப்பிணிகள் அந்த வேலையை வேறு யாரிடமாவது விட வேண்டும். இந்தக் கிருமி தொற்றிய எலி பூனை மூத்திர வாடைக்குப் பயப்படுவதையே மறந்துவிடுகிறது என்று ஆக்ஸ்போர்டு ஆய்வாளர்கள் 2000இல் காட்டினார்கள்! நேராகப் போய்ப் பூனையிடம் மாட்டும். கிருமி பூனையின் குடலுக்குப் போய்ச் சேரும். எலி மூத்திரத்தால் வரும் லெப்டோஸ்பைரோசிஸ் 2010 முதல் நம் நாட்டில் சுகாதார இலாகாவுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோய். நாயும் அதைச் சுமக்கலாம். வயலோர வீடுகளில், வெள்ளம் வடிந்தபின் கழுவும்போது கையுறையும் பூட்சும் அணியாமல் இறங்காதீர்கள்.

கடைசியாக, எந்தப் புட்டியாலும் தீராத ஒரு விஷயம். பழகிய பூனை திடீரென்று வீட்டுக்குள் கண்ட இடத்தில் மூத்திரம் விட ஆரம்பித்தால் அதற்கு எங்கோ வலிக்கலாம். கடுவன் அடிக்கடி குந்தி முக்கியும் மூத்திரம் சொட்டுச் சொட்டாகத்தான் வருகிறதென்றால் குழாய் அடைத்திருக்கலாம். ஓரிரு நாளில் செத்துவிடும். அன்றே விலங்கு மருத்துவரிடம் தூக்கிப் போங்கள். நலமாக இருந்து சுவரில் பீய்ச்சுகிறதா? காயடியுங்கள். பத்துக் கடுவன்களில் கிட்டத்தட்ட ஒன்பது அந்தப் பழக்கத்தை விட்டுவிடுவதாக 1973இலேயே ஆய்ந்து எழுதியிருக்கிறார்கள். வாடை தாங்கவில்லை என்று சாக்கில் போட்டு மார்க்கெட் பக்கம் விட்டுவிட்டு வருகிறவர்களுக்கு என் வேண்டுகோள் இது: ஒரு போத்தல் பெராக்சைடும் ஒரு பொட்டலம் ஆப்பச் சோடாவும் வாங்க ஆகும் பணம் கொஞ்சம்தான். முதலில் அதை வாங்குங்கள். பூனையை வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.